தெரியாது என்று சொல்லத் தெரிந்த பள்ளிக்கூடம்

என் முகம் எங்கள் ஊருக்குப் பல வருடம் உழைத்துக் கொடுத்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் பிறவியிலேயே கூச்சக்காரன். நாலு பேர் நிற்கிற இடத்தில் தலை தானாகக் குனிந்துவிடும், வாய் ஒட்டிக்கொள்ளும், கண் கலங்கினது போல இருக்கும். மற்ற ஊர்களில் இப்படிப்பட்டவனைப் பின்வரிசையில் விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் நிவாரண வாகனம் வந்தால் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

எங்கள் ஊர் என்று சொன்னாலும் அது என் மனைவியின் ஊர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் தன் உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே வாயைத் திறக்கிற உரிமை பெண்ணின் அண்ணனுக்கு. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அவர் கதைப்பதற்கென்று பிறந்தவர், நான் கேட்பதற்கு. அதனால் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பள்ளிக்கூடம் ஒரே நீளமான மண்டபம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். இடையில் சுவர் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் வகுப்புப் பாட்டை முணுமுணுக்கும். தலைமை ஆசிரியரான அதிபர் நகரத்திலிருந்து வாவியைக் கடந்து வருகிறவர். அவருக்கு உதவியாக ஊர்ப் பெண் ஒருத்தி தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். விதைப்புக்கும் வெட்டுக்கும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வட்டைக்குப் போய்விடும். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளி. அங்கே குடில் போட்டுத் தங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் அதிபரும் பாட மணியும் மட்டும் மிஞ்சும். எங்கள் பள்ளிக்கூடத்தின் மாணவர் தொகையைச் சரியாகச் சொல்லவேண்டுமென்றால் நெல்லுக்கு எத்தனை மாதம் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையை எங்கள் பிள்ளைகளும் வருடாவருடம் எழுதினார்கள். வருடாவருடம் ஒருவரும் தேறவில்லை. இதற்காக யாரும் மனம் வருந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பரீட்சை எழுதுகிற அன்று தின்னக் கொடுக்கிற பணிஸ் நன்றாக இருந்ததா என்றுதான் பிள்ளைகளிடம் கேட்போம்.

சுனாமி எங்கள் கரைக்கு வரவில்லை. அதில் தப்பிய சனங்கள் வந்தார்கள். கடலோரத்து ஊர்களிலிருந்து ஈர உடுப்போடு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். என் மனைவியின் தங்கை அன்று காலை கடற்கரையில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி கடலை மட்டுமல்ல, வாவியையும் பார்க்க மறுத்துவிட்டாள். தண்ணீர் தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பவும் மாட்டாள்.

ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. வெள்ளை வாகனங்கள் வந்தன. இறங்குகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "சுனாமிப் பிள்ளைகள் எத்தனை?" என்பதுதான். சுனாமிப் பிள்ளைக்குப் புத்தகப் பை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் கிடைத்தன. பக்கத்தில் இருக்கிற உள்ளூர்ப் பிள்ளை சும்மா ஏழை மட்டும்தான். அதற்கு ஒன்றுமில்லை. எங்கள் அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் வேலியில் நின்று சொன்னாள்:

"என்ட பொடியன் ராவெல்லாம் அழுறான்கா. கடல் ஏம்மா நம்மட பக்கம் வரல்ல எண்டு கேக்கிறான்."

மனதைத் தேற்றுகிறவர்கள் என்று சிலர் வந்து பிள்ளைகளைப் படம் கீறச் சொன்னார்கள். அலை கீறின பிள்ளையின் தலையைத் தடவி பிஸ்கட் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலைக் கண்டதே இல்லை. ஆனாலும் மிகப் பெரிய, மிக நல்ல அலைகளைக் கீறினார்கள்.

பிறகு கடலோரத்துச் சனங்கள் திரும்பிப் போனார்கள். சண்டை எங்கள் கரைக்கு வந்தது. செல் என்கிற பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கியதும் நாங்கள் வாவியைச் சுற்றி நடந்து அக்கரைக்குப் போய், அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே படுத்தோம். இப்போது எண்ணப்படுகிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். ஊர் திரும்பியபோது வாகனங்கள் கூடவே வந்தன. மறுபடியும் படம் கீறச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் பழக்கத்தில் அலை கீறினார்கள். வந்தவர்களுக்கு முகம் சரியில்லை. மச்சான் உடனே விளங்கிக்கொண்டார்.

"மனே, அலை போன வருசம். இப்ப செல் கீறுங்க."

மச்சான் இந்தக் கலையில் தேறினவர். தெருவில் புழுதி எழும்பினால் போதும், ஊர் தயாராகிவிடும். நல்ல பாயைச் சுருட்டி உள்ளே வைப்போம். சைக்கிளை வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளுவோம். புதுச் சாரன் கட்டியிருப்பவன் ஓடிப்போய்ப் பழையதைக் கட்டுவான். பிறகு மச்சான் என்னைத் தேடுவார்.

"மச்சான், இஞ்ச வாங்க. அவடத்த நில்லுங்க. ஒண்டும் கதைக்காதீங்க. மூஞ்ச அப்பிடியே வச்சிக்கங்க."

நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, அது அப்படித்தான் இருக்கும். ஒருமுறை வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கூச்சத்தில் எனக்கு வியர்த்து ஓடியது. அந்த மாதம் ஊருக்குக் கூரைத் தகரம் வந்தது.

சண்டை முழுதாக முடிந்து அடுத்த வருடம் என் மகள் நாலாம் வகுப்பில் இருந்தாள். எனக்கு ஒரே பிள்ளை. வாசிப்பதில் அவளுக்கு ஒரு வெறி. பாண் சுற்றி வந்த பேப்பர், மருந்துப் போத்தலில் ஒட்டின துண்டு, எது கிடைத்தாலும் விடமாட்டாள். அதிபர் அவளைப் பற்றி இரண்டொரு தடவை என்னிடம் நல்லதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஒருநாள் மாலை, மறுநாள் பள்ளிக்கூடம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று தொண்டர் ஆசிரியைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது; யார் என்று கேட்குமுன் அறுந்துவிட்டது. அதிபர் ஊரில் இல்லை. மாணவர்களின் அடைவு மட்டத்தை உயர்த்துவது எப்படி என்ற கருத்தரங்குக்காக ஒரு கிழமை நகரத்தில் இருந்தார். ஆசிரியை நேரே மச்சானிடம் ஓடினாள். மச்சான் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தின வாகனம்?"

விடிவதற்குள் வேலை முடிந்தது. யாரோ தந்த சுவர் மணிக்கூட்டைக் கழற்றினோம். புது அலுமாரியைக் கிழிந்த பாயால் மூடினோம். பிள்ளைகளின் சப்பாத்தும் பையும் கோயில் சாமான் அறைக்குள் போயின. மச்சான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு கவனமாகப் பிள்ளைகள் பாடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எழுத்தக் காட்டினா மேல பாருங்க. கணக்குக் கேட்டா கீழ பாருங்க. என்ன கேட்டாலும் தெரியா. விளங்கிச்சா? தெரிஞ்ச புள்ளைக்கு ஒருத்தனும் ஒண்டும் தர மாட்டான்."

மகள் என் சாரனைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, தெரிஞ்சத எப்பிடித் தெரியாம இருக்கிற?"

"மாமாட்டக் கேளு மகள்," என்றேன்.

ஒரு வாகனம்தான் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். கையில் கமரா இல்லை, தண்ணீர்ப் போத்தல் பெட்டி இல்லை. மச்சான் என் காதுக்குள் சொன்னார், "கமரா இல்லாம வாறாங்க. புது நிறுவனம் போல."

அந்த அம்மா வணக்கம் சொல்லிவிட்டு நேரே நாலாம் வகுப்புக்குப் போய் என் மகளை எழுப்பி, புத்தகத்தை விரித்துக் கொடுத்தார்.

"எங்க, இத வாசிங்க பாப்பம்."

மகள் கூரையைப் பார்த்தாள். "தெரியா மிஸ்."

"சரி, இந்த ஒரு எழுத்து?"

"மறந்து போச்சு மிஸ்."

பக்கத்தில் இருந்த பையனிடம் ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டார். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால் பயமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி, "பதினாறு மிஸ்," என்றான். மச்சான் அவனை முறைத்தார். விடை பிழையென்று அல்ல, இவ்வளவு உற்சாகம் கூடாதென்று.

அந்த அம்மாவின் முகம் வாட வாட மச்சானின் முகம் மலர்ந்தது. இவ்வளவு இரக்கம் வந்துவிட்டால் பெரிதாக ஏதோ கிடைக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாதா?" என்று அவர் கேட்டார்.

"எப்பிடி மெடம் தெரியும்? சுனாமி வந்திச்சு. சண்ட வந்திச்சு. வெள்ளம் வந்திச்சு," என்று சொல்லிவிட்டு மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவும் திரும்பினார். என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அன்றுதான் என் முகம் தன் வாழ்நாளில் மிகச் சிறந்த வேலையைச் செய்தது.

வாகனம் போனதும் மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார், "இந்த முற சைக்கிள்தான்."

வந்தது சைக்கிள் அல்ல. கருத்தரங்கு முடிந்து திரும்பிய அதிபர் பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே விசயத்தைச் சொன்னார். வந்தவர் வலயக் கல்வி அலுவலகத்தின் அதிகாரி. பிள்ளைகளின் தொகையும் குறைந்து படிப்பும் இல்லாத பள்ளிக்கூடங்களைக் குறைக்கிற வேலை நடக்கிறது. எங்கள் பள்ளிக்கூடம் இனி மூன்றாம் வகுப்போடு நிற்கும். நாலும் ஐந்தும் படிக்கிற பிள்ளைகள் அடுத்த தவணையிலிருந்து அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "அப்ப அது சாமான் குடுக்கிற வாகனம் இல்லையா?" என்றார்.

"அவ சோதிக்க வந்தவ வண்ணக்கர். நீங்க சோதினையில கேள்விக்குக் கேள்வி பிழ விட்டிருக்கிறீங்க," என்றார் அதிபர்.

அக்கரைக்குப் போவதற்கு எங்களுக்கு இருந்தது பாதைப் படகு. இரண்டு தோணிகளுக்கு மேல் பலகை அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டு அது. பாலத்தால் சுற்றிப் போகிற பஸ் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்திருந்தது. மனைவி குசினியில் மீன் கழுவிக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ட புள்ள தண்ணியில ஏறாது."

"அப்ப படிப்பு?"

"வீட்டில இருக்கட்டும். நீங்க அஞ்சோட நிக்கல்லியா?"

உண்மைதான். என் ஊரிலும் ஆறாம் வகுப்பு தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. என் தகப்பன் வயலுக்கு வா என்றார், போனேன். நின்றதில் எனக்கு வருத்தமில்லை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். என் பிள்ளையும் அப்படி வீட்டில் இருக்கட்டும் என்று மனைவி சொன்னபோதுதான் அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

"அண்ணன் போய்க் கதைப்பார்," என்றேன்.

"அண்ணன் கதைச்சுத்தானே இது வந்தது. நீங்க போங்க."

அடுத்த கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தால் சுற்றிப் போகிற பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். மச்சானும் வந்தார். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரியின் அறைக்கு வெளியே நீண்ட நேரம் காத்திருந்து உள்ளே போனோம். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் கதவடியிலேயே நின்றுவிட்டன. மச்சான் தொடங்கினார். நியாயம் பேசத்தான் வந்திருந்தார். ஆனால் மேசைக்கு முன்னால் நின்றதும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"மெடம், நாங்க ஏலாத சனம். எங்கட புள்ளயளுக்கு ஒண்டும் தெரியா..."

அவர் சுனாமியை முடித்துச் சண்டைக்கு வரும்போது நான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அது பொய் மெடம். மகள் வாசிப்பா."

அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அண்டைக்கு வாசிக்கல்லியே."

"வாசிக்க வேணாமெண்டு சொல்லிக் குடுத்த நாங்கதான். சாமான் தர வந்த ஆக்கள் எண்டு நினைச்சம்."

அவர் நாற்காலியில் சாய்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த சுற்றறிக்கை ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். மகள் அதை வாங்கவில்லை. மச்சானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இப்ப தெரிஞ்ச மாதிரி வாசிக்கிறதா, தெரியாத மாதிரி வாசிக்கிறதா?"

"தெரிஞ்ச மாதிரி," என்றேன்.

வாசித்தாள். வினைத்திறனுடன் கூடிய வளப்பங்கீடு, அடைவு மட்டக் குறிகாட்டிகள் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்திலும் தடக்கவில்லை. மச்சான் பக்தியோடு கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும், "எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல மெடம். ஆனா நல்லா இருக்கு," என்றார்.

அந்த அம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். அறிக்கை மேலே போய்விட்டது, ஒரு பிள்ளை வாசித்ததற்காக அதைத் திருப்பி எடுக்க முடியாது, வேண்டுமானால் ஒரு வருடம் தள்ளிவைக்கலாம் என்றார். அந்த வருடத்துக்குள் புலமைப்பரிசிலில் ஒரு பிள்ளையாவது வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கும். இல்லாவிட்டால் அக்கரைதான்.

அந்த வருடம் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தெரியாது என்று சொல்லப் பழக்கிய அதே மச்சான் இப்போது தெருவில் போகிற பிள்ளையை மறித்து ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டார். காலையில் கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு நின்று வாய்ப்பாடு ஒலித்தது. தூரத்து வயலில் களை பிடுங்குகிற பெண்களும் ஒன்பதாம் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொன்னார்கள். வெட்டுக் காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டைக்குக் கூட்டிப் போனால் திருவிழாவில் அந்தக் குடும்பத்துக்கு மரியாதை இல்லை என்று மச்சான் அறிவித்தார். அப்படிக் காப்பாற்றிய ஐந்தாம் வகுப்புக்கு அந்த வருடம் ஏறியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று என் மகள், மற்றது பதினாறு என்று சொன்ன பையன்.

இருவரும் பரீட்சை எழுதினார்கள். பையன் எல்லாக் கேள்விக்கும் பயமில்லாமல் விடை எழுதியதாகச் சொன்னான். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குணம் மட்டும் என்னுடையது.

மகள் தேறினாள். எழுதியவர்களில் பாதிப்பேர் சித்தியடைந்தார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வாவிக்கு மேற்கே இப்படியொரு வீதம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இல்லையாம். அதே அதிகாரி அம்மா மாலையோடு வந்தார். எங்கள் வெற்றியின் இரகசியத்தை அறிய வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து அதிபர்மார் வந்தார்கள். மச்சான் அவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். என்னைக் கொஞ்சம் பின்னால் நிற்கச் சொன்னார். வெற்றிக்கு என் முகம் பொருந்தவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கும் என்று மேடையில் அறிவித்துவிட்டு, அந்த அம்மா மகளுக்குப் பரிசையும் அறிவித்தார். நகரத்தில் பெரிய பெண்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு இடம்.

சனம் கை தட்டியது. நான் மனைவியைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்து இருந்தாள். தண்ணீரில் ஏறாமல் படிக்கவேண்டும் என்பதற்காக ஒரு வருடம் முழுக்கப் பிள்ளை படித்தாள். நன்றாகப் படித்ததற்குக் கிடைத்தது தண்ணீரைக் கடக்கிற உரிமை. கெட்டிக்காரப் பிள்ளை உள்ள வேறு இரண்டு வீட்டுக்காரரும் அன்று மாலையே நகரத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் தப்பியது. இனி அதில் பிள்ளைகள் எவ்வளவு காலம் மிஞ்சுவார்கள் என்று அதிபர் மட்டும் கவலைப்பட்டார்.

மச்சான் வீட்டுக்கு வந்து, "பாலத்தால போகட்டும்," என்றார்.

"பாலத்தால போனா ஒவ்வொரு நாளும் பிந்தும் மாமா," என்றாள் மகள்.

மனைவி இரண்டு நாள் சமைத்தாள், கூட்டினாள், நெல் அவித்தாள். மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டாள்.

"உனக்குப் போக விருப்பமா?"

"ஓம்."

"தண்ணிக்குப் பயமில்லையா?"

"எனக்குத் தெரியா அம்மா. ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

மனைவி அவளை வெகுநேரம் பார்த்தாள். இந்த முறை பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

முதல் நாள் காலை துறைக்கு மூவரும் போனோம். மனைவி கரையில் நின்று அழுவாள், நான் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அவள் எங்களுக்கு முன்னால் பலகையில் கால் வைத்து ஏறினாள். இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே குந்தியிருந்து, மகளின் வெள்ளைச் சட்டையை ஒரு கையாலும் என் சாரனை மறு கையாலும் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள். படகுக்காரன் இயந்திரத்தைத் தட்டினான். தட்டு ஒருமுறை ஆடிவிட்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அன்று கூச்சம் வரவில்லை.

"பாதித் தூரம் வந்திட்டமா?" என்று கண் திறக்காமல் கேட்டாள்.

நாங்கள் ஏறின கரை இன்னும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"ஓம்," என்றேன்.